வீடு ஒரு பேரில், காணி இன்னொரு பேரில்: கரைச்சியில் ஒரு பெர்மிட் காணிப் பிணக்கு

வன்னியில் காணிப் பிரச்சினை என்று எங்களிடம் வருகிறவர்கள் பலருக்கு வீடு இருக்கிறது. கல்வீடு. கதவு நிலை வைத்து, கரண்ட் எடுத்து, பத்து வருடமாகக் குடியிருக்கும் வீடு. இல்லாதது காணியின் கடதாசிதான். வீடு யாருக்கு என்பதை வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியல் சொல்லும். காணி யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் இருக்கும் லெட்ஜர் என்ற காணிப் பதிவேடு சொல்லும். இந்த இரண்டும் ஒரே ஆளின் பெயரைச் சொல்லாதபோது வருகிற பிணக்கு ஒன்றை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை, பாராலீகல். நீதிமன்றத்தில் எழுந்து பேச எனக்கு உரிமை கிடையாது. ஆட்களிடம் கதை கேட்பது, கடதாசிகளைத் தேடி எடுத்துத் திகதி வாரியாக அடுக்குவது, மனுக்களும் சத்தியக்கடதாசிகளும் எழுதிச் சட்டத்தரணியிடம் காட்டித் திருத்துவது, கந்தோருக்குக் கூடப் போவது, இவைதான் வேலை. காணி விஷயத்தில் திகதி அடுக்குவதே பாதி வழக்கு. யார் எப்போது செத்தார், யார் எப்போது திரும்பி வந்தார் என்பதை வைத்துத்தான் சட்டம் ஓடுகிறது.

தூண் இறக்கிய நாள்

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவில், இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. 2021 கடைசியில் ஒரு காலை, உழவு இயந்திரப் பெட்டியில் கொங்கிறீட் தூண்களைக் கொண்டுவந்து அந்தக் காணியின் கிழக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பின்னால் வந்த கார்க்காரர், தான் இந்தக் காணியை வாங்கிவிட்டதாகவும், வீட்டை ஒரு மாதத்துக்குள் விட்டுத்தர வேண்டும் என்றும் சொன்னார். கையில் முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் உடன்படிக்கை ஒன்று. கூடவே வெளிநாட்டிலிருந்து வந்த அட்டோர்னி தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். விற்றவர் அந்த வீட்டில் இருக்கும் அம்மாவின் கணவனுடைய மூத்த அண்ணன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. மகளோடும் பேரப்பிள்ளையோடும் அங்கே இருக்கிறார். எங்களிடம் வந்தபோது கையில் வங்கிப் புத்தகம் மட்டும்தான் இருந்தது.

“பிள்ளை, வீடு என்ர பேரிலை. அஞ்சரை லட்சமும் இந்தப் புத்தகத்துக்குத்தான் வந்தது. பிறகு எப்பிடிப் பெரியத்தான் என்ர காணியை விக்கேலும்?”

கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டுத்திட்டக் காசு வந்த அந்தப் புத்தகத்தில் காணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காணிக்குரிய பெர்மிட், அதாவது அரச காணியில் இருந்து அபிவிருத்தி செய்ய அரசு தரும் அனுமதிப் பத்திரம், 1976இல் மாமனார் பேரில் கொடுக்கப்பட்டது. மாமனார் 1997இல் ஸ்கந்தபுரத்தில் இடம்பெயர்ந்திருந்தபோது காலமானார். மாமியார் 2009இல் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து இறந்தார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் 1988இல் ஐரோப்பாவுக்குப் போனவர். இரண்டாவது பிள்ளை மகள், கல்யாணம் முடித்து வவுனியாவில். கடைசி மகன்தான் இந்த அம்மாவின் கணவர். தாய் தகப்பனோடு அந்தக் காணியில் இருந்து தோட்டம் செய்தவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

முதலில் 66

லெட்ஜர், பெர்மிட், பின்னுரித்து (பெர்மிட்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்பது) எல்லாம் பிறகு. தூண் இறக்கினால் முதலில் பொலிஸ். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கம். காணிச் சண்டையால் அமைதி குலையும் என்றால் பொலிஸ் அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். பொலிஸ் போடாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சட்டத்தரணி மூலம் போடலாம். நீதிமன்றம் அங்கே உரித்து யாருடையது என்று பார்க்காது. யார் கையில் காணி இருந்தது, யாராவது இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டார்களா என்று மட்டும் பார்க்கும். அந்த இரண்டு மாதம்தான் முக்கியம். ‘சொந்தத்துக்குள்ளை பொலிசோ’ என்று யோசித்து மூன்று மாதம் கழித்து வருகிறவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிடுகிறது. பிறகு மாவட்ட நீதிமன்றம். அது வருடக் கணக்கு.

அம்மாவும் யோசித்தார். பெரியத்தானின் பெயரைப் பொலிசில் சொல்ல மனமில்லை. முறைப்பாட்டில் அவருடைய பெயர் வேண்டாம், தூண் இறக்கியவரின் பெயர் போதும் என்று சொன்ன பிறகுதான் வந்தார். அயலவர் இருவரின் சத்தியக்கடதாசியும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும், கரண்ட் பில்களும் நீதிமன்றத்துக்குப் போதுமாக இருந்தன. காணி அம்மாவின் உடைமையில் இருந்தது என்று கட்டளை வந்தது. தூண்கள் மட்டும் பல மாதம் வேலிக்கரையில் கிடந்தன.

இது பலருக்கு வெற்றியாகத் தெரியும். 66 கட்டளை ஒரு இடைவேளைதான். உரித்து யாருக்கு என்ற கேள்வி அப்படியே நின்றது.

லெட்ஜர் பக்கம்

பெர்மிட்டின் மூலப் பிரதி மூத்தவரிடம் இருந்தது. 2003இல் சமாதான காலத்தில் வந்தபோது தாயிடமிருந்து ‘பத்திரமாக வைத்திருக்க’ என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூலப் பிரதி யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கே காணி என்று இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாங்கியவரும் அதை நம்பித்தான் காசு கொடுத்தார். பெர்மிட் காணியைப் பொறுத்தவரை கடதாசி யாரிடம் இருக்கிறது என்பதை விட, லெட்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும்.

லெட்ஜர் பிரதியை வாயால் கேட்டால் ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு எங்கள் வேலை கொஞ்சம் இலேசாகிவிட்டது. துண்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு, ‘லெட்ஜர் பக்கத்தின் பிரதி, பின்னுரித்தாளர் நியமனம் ஏதும் பதியப்பட்டிருந்தால் அதன் பிரதி’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ‘எனது காணி தொடர்பான சகல ஆவணங்களும்’ என்று எழுதிக் கொடுத்தால் ‘சகல’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கோப்பு சுற்றும்.

வந்த பிரதி, போருக்குப் பிறகு மீளத் தயாரித்த லெட்ஜரின் ஒரு பக்கம். மாமனாரின் பெயர், துண்டு இலக்கம், பரப்பளவு, பெர்மிட் திகதி. பின்னுரித்தாளர் என்ற கட்டம் வெறுமை.

அந்த வெறும் கட்டம்தான் இந்த வழக்கு. மாமனார் உயிரோடிருக்கும்போது யாரையாவது பின்னுரித்தாளராக நியமித்துப் பதிந்திருந்தால், 1997இலேயே கதை முடிந்திருக்கும். பெர்மிட்காரர் இறப்பதற்கு முன்பு பதியப்படாத நியமனம் செல்லாது. சாகும் தறுவாயில் எழுதிவைத்த துண்டுக் கடதாசிகளோடு எத்தனையோ பேர் வருகிறார்கள். அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

யார் பின்னுரித்தாளர்?

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய காணிக்கு வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையும் இல்லை, பொதுச் சட்டத்தின் பங்கு பிரிப்பும் இல்லை. அந்தச் சட்டத்தின் சொந்த வழிமுறை மட்டும்தான். பெர்மிட்காரர் இறந்தால், நியமனம் இல்லாவிட்டாலும், வாழ்க்கைத்துணைக்கு முதலில் உரிமை போகும். அது ஆயுள் உரிமை. மறுமணம் செய்தால் போய்விடும். துணையும் இறந்த பிறகு மூன்றாம் அட்டவணையின் வரிசை வரும். அந்த வரிசையில் முதலில் மகன்மார், பிறகு மகள்மார், பிறகு பேரன்மார் என்று இருந்தது. ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கு.

அப்படியானால் நேராகச் சொன்னால், மூத்த அண்ணனுக்குத்தான் முதல் வரிசை. அம்மாவுக்கு, மருமகள் என்ற முறையில், அந்த அட்டவணையில் இடமே இல்லை. அட்டவணை இரத்த உறவை மட்டும் எண்ணுகிறது. அவருடைய கணவர் இளைய மகன், அண்ணனுக்குப் பின்னால். இதை அவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்வது எளிது, ஆனால் தன்னுடைய பக்கத்தின் பலவீனம் தெரியாதவர் விசாரணை மேசையில் முதல் கேள்வியிலேயே உடைந்துபோவார். சொன்னேன். அவர் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

எங்களுக்கு இருந்த பிடி ஆறு மாத விதி. உரிமை வந்தவர், இறப்புத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியில் வந்து இருக்க வேண்டும். வராவிட்டால் பின்னுரித்துத் தவறியதாகக் கொள்ளப்படும். மூத்தவர் 1988இலிருந்து வெளிநாட்டில். தாய் இறந்த 2009இலும் வரவில்லை, 2010இல் மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகும் வரவில்லை.

இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. மாமனார் இறந்த 1997இல் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் இருந்தது. 1996 செப்ரெம்பரிலிருந்து 1998 செப்ரெம்பர் வரை அந்தப் பக்கம் யாரும் திரும்ப முடியாது. அப்படியென்றால் மாமியாரும்தான் ஆறு மாதத்துக்குள் காணிக்குள் போகவில்லை. போரால் போக முடியவில்லை, அதை அவருடைய தவறாகக் கொள்ளக் கூடாது என்று நாங்கள் சொல்வோம். அதே காரணத்தை மூத்தவர் 2009க்குச் சொல்லலாம். அந்த ஆறு மாதமும் காணிக்குள் யாருமே போக முடியாத காலம்தான். ஊரே மனிக் பாம் முகாமில் இருந்தது. ஒரு கையால் போரைக் காட்டிச் சலுகை கேட்டுவிட்டு மறு கையால் அதை மறுக்க முடியாது.

ஆகவே நாங்கள் ஆறு மாதத்தை மட்டும் பிடித்துத் தொங்கவில்லை. பாதை திறந்த பிறகு என்ன நடந்தது என்று காட்டினோம். 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2003இல் அவர் வந்தார், மூன்று கிழமை நின்றார், போனார். அந்த வருகையின் படம் ஒன்று வவுனியாவில் இருக்கும் தங்கச்சியிடம் இருந்தது. இந்த அம்மாவின் மகளுடைய சாமத்தியச் சடங்கு. முற்றத்தில் பந்தல், நடுவில் பிள்ளை, பக்கத்தில் இந்த அம்மாவும் கணவரும் ஆலாத்தித் தட்டோடு. மூத்தவர் கமெராவுக்குச் சிரித்தபடி விருந்தினர் வரிசையில் நிற்கிறார். பின்னால் கட்டுக்கிணறு தெரிகிறது. சடங்கை நடத்துகிற வீட்டுக்காரர் யார், வந்துபோகிறவர் யார் என்பது படத்திலேயே தெரிந்தது. பெர்மிட் விசாரணைக்குச் சாமத்தியப் படம் கொண்டுபோகலாமா என்று அம்மாவுக்கு வெட்கம். தாராளமாகக் கொண்டுபோகலாம். வன்னியில் போருக்கு முந்திய கடதாசி கிடைப்பதே அருமை. உறவினர் வீட்டு அல்பம்தான் பல இடங்களில் எங்கள் ஆவணக் காப்பகம்.

அந்தத் தங்கச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் இந்த மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டு, ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்பது எடுக்கப்பட்டது. பத்திரிகையில் பார்த்துவிட்டு உடனே போன் எடுத்தார். “அப்ப எனக்கும் உரிமை இருக்கோ? இவ்வளவு காலமும் எங்களை ஆர் கேட்டது?” திருத்தம் நல்ல திருத்தம். எண்பத்தேழு வருடம் பிந்தி வந்த திருத்தம். ஆனால் 1997இலும் 2009இலும் நடந்த இறப்புகளுக்கு அது பின்னோக்கிப் போகாது என்று சட்டத்தரணி சொன்னார். தங்கச்சிக்குக் காணி வேண்டியதில்லை, கேட்காமல் விட்டார்களே என்ற கோபம் மட்டும்தான். அந்தக் கோபம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. தம்பியின் குடும்பம்தான் தாயைக் கடைசிவரை பார்த்தது என்று அவர் கொடுத்த சத்தியக்கடதாசியை விசாரணையில் யாரும் அசைக்கவில்லை.

வீட்டுத்திட்டக் கோப்பு சொன்னது

வீட்டுத்திட்டத்தில் பெயர் இருப்பது காணி உறுதி ஆகாது என்று மேலே சொன்னேன். ஆனால் காணியில் யார் இருந்தார், யார் செலவழித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வன்னியில் கிடையாது.

இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய பகுதி 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கியது. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். ஒப்பந்தகாரர் கட்டித் தருவதில்லை. பயனாளியே கட்ட வேண்டும். வேலை ஒவ்வொரு கட்டமாக முடிந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த காசு வங்கிக்கு வரும். அதற்காக அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து படம் எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் பயனாளியை வீட்டு முன்னால் நிறுத்தித்தான் எடுப்பார்கள்.

கட்டுமானத்தைப் பார்த்த நிறுவனம் திட்டம் முடிந்ததும் அலுவலகத்தை மூடிவிட்டது. கோப்பின் ஒரு பகுதி பிரதேச செயலகத் திட்டமிடல் கிளையில் இருந்தது. அதில் நான்கு படங்கள். முதல் படத்தில் அம்மா அத்திவாரக் கிடங்குக்குள் நிற்கிறார், தலையில் துவாய், பின்னால் தகரக் கொட்டில். கடைசிப் படத்தில் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறது, கொட்டில் சமையலறையாகிவிட்டது. நான்கிலும் திகதி இருக்கிறது. நான்கிலும் அதே கிணறு.

ஐந்தரை இலட்சத்தில் வீடு முடியவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் முடியவில்லை என்றே சொல்லலாம். கல்லும் மண்ணும் சீமெந்தும் மாதா மாதம் ஏறின, மேசன் கூலி அதைவிட ஏறியது. மிச்சத்துக்கு அம்மா தாலிக்கொடியை வங்கியில் அடகு வைத்தார். வங்கிப் புத்தகத்தின் உறைக்குள் மடித்திருந்த அடகுச் சீட்டை அவர் ஒரு ஆவணமாகவே நினைக்கவில்லை. ‘இது என்னத்துக்கு’ என்று திரும்ப வாங்கப் பார்த்தார். அரசும் இந்தியாவும் கொடுத்ததற்கு மேலாகத் தன்னுடையதையும் அந்தக் காணியில் போட்டார் என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சான்று. அதன் திகதி கூரைப் படத்துக்கு முந்திய வாரம்.

வீட்டுத்திட்டம் எடுத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒப்பந்தப் பிரதி, வங்கிப் புத்தகம், ஹாட்வெயர் பில், அடகுச் சீட்டு எதையும் எறிய வேண்டாம். கறையான் தின்னாத இடத்தில் வையுங்கள்.

விசாரணை

நீதிமன்றத்துக்குப் போனால் வெல்லலாம் என்றார் ஒரு சட்டத்தரணி. தோற்கலாம் என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் சரி. எனக்கு இருந்த பயம் வேறு. இது அரச காணி. அண்ணனுக்கும் உரிமை தவறியது, தம்பி குடும்பத்துக்கும் அட்டவணையில் இடமில்லை என்று முடிந்தால் காணி அரசுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறச் சொன்னால், நீதவான் முன்னால் காட்ட ஒரே ஒரு பொருள்தான் உதவும்: செல்லுபடியாகும் பெர்மிட் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம். எத்தனை வருடம் இருந்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்பது அங்கே எடுபடாது. இரண்டு பக்கமும் அடிபட்டு இரண்டு பக்கமும் இழப்பதை விட, பிரதேச செயலாளரின் விசாரணையில் ஒரு முடிவுக்கு வருவதே மேல் என்று முடிவெடுத்தோம்.

விசாரணைத் திகதி 2022இல் விழுந்தது. அந்த வருடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை. குடியேற்ற உத்தியோகத்தர் களம் பார்க்க வர வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லை. கியூ.ஆர். முறை வந்த பிறகுதான் வந்தார். வந்தவர் கெட்டிக்காரர். நேராகக் கிணற்றடிக்குப் போனார். கட்டின் உட்பக்கத்தில் சீமெந்து காயுமுன் எழுதிய ‘1983’. பிறகு தென்னைகளை எண்ணினார். காய்க்கிறவை எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று தனித்தனியாக. செல் துண்டு பட்டு வட்டு முறிந்த ஒரு பனையையும் குறித்துக்கொண்டார். எல்லையைச் சங்கிலி பிடித்துப் பார்த்ததில் கிழக்கு வேலி லெட்ஜர் அளவோடு ஒத்துப்போனது. வாங்கியவரின் வெள்ளைத்தாளில் இருந்த எல்லைகளோ பக்கத்துக் காணியின் கால் ஏக்கரையும் சேர்த்து விழுங்கியிருந்தன.

அந்த வெள்ளைத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னால் எழுதிய உறுதியாக இல்லாவிட்டால் செல்லாது. உறுதிக் காணிக்கே இதுதான் நிலை. பெர்மிட் காணியை, பெர்மிட்காரரே ஆனாலும், அரசின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. இங்கே விற்றவர் பெர்மிட்காரரும் இல்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அட்டோர்னி தத்துவத்தால் இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

விசாரணையில் ஒரு உத்தியோகத்தர் அம்மாவிடம் கணவரின் மரணச் சான்றிதழைக் கேட்டார். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டத்தின் கீழ் அதை எடுத்திருக்கலாம், பலர் எடுத்தார்கள். அம்மா எடுக்கவில்லை. “சாகேல்லை எண்டு நான் சொல்லேல்லை. செத்தது எண்டு எழுதித் தரவும் மாட்டன்” என்றார். 2016இல் அந்தச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைச் சான்றிதழ் ஒன்றை அவர் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்கவும் அரச கருமங்களுக்கும் அது போதும். சட்டப் பிரதியின் உரிய பக்கத்தை மேசையில் வைத்தோம். உத்தியோகத்தர் வாசித்துவிட்டு ‘சரி’ என்று கோப்பில் சேர்த்தார். படிவத்தில் ‘விதவை’ என்ற இடத்தில் அடையாளம் இடாமல், பக்கத்தில் ‘கணவர் காணாமலாக்கப்பட்டவர்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார் அம்மா.

மூத்தவர்

எல்லாம் அடுக்கி வைத்தாலும், மூத்தவர் எதிர்ப்புக் கடிதம் ஒன்று அனுப்பினால் கோப்பு மாகாணக் காணி ஆணையாளர் திணைக்களத்தில் வருடக் கணக்கில் தூங்கும். அவரோடு பேச வேண்டியிருந்தது. தங்கச்சி வீட்டில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்சப்பில் எடுத்தோம். சட்டத்தரணியும் இருந்தார்.

அவரை ஒரு பேராசைக்காரராக நினைத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தரகர் ஒருவர் அவரிடம், ‘காணி அப்பா பேரில் இருந்தால் அரசாங்கம் எடுத்துப்போடும், இப்ப விற்றால்தான் ஏதாவது மிஞ்சும்’ என்று சொல்லியிருக்கிறார். தொண்ணூறுகள் முழுக்க இந்தக் குடும்பத்துக்குக் காசு அனுப்பியவர் அவர்தான். தங்கச்சியின் கல்யாணமும் அவருடைய காசு. “நான் அனுப்பின காசுக்கு ஒரு கணக்கும் கேக்கேல்லை. தம்பி இருந்திருந்தா இந்தக் கதையே கதைச்சிருக்க மாட்டன். அப்பான்ர காணி ஆரோ ஒராளுக்குப் போயிடும் எண்டுதான் பயம்” என்றார். அந்த ‘ஆரோ ஒராள்’ தன்னுடைய தம்பியின் மனைவி என்று தங்கச்சி நல்ல சூடாகச் சொன்னார். கொஞ்ச நேரம் அண்ணனும் தங்கச்சியும் மட்டும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் தலையிடவில்லை.

பிறகு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்சேபனை இல்லை என்று சத்தியக்கடதாசி தருகிறேன், ஆனால் தம்பியின் மகனைத்தான் பின்னுரித்தாளராகப் போட வேண்டும். தம்பிக்கு ஒரு மகனும் இருக்கிறான், கொழும்பில் வேலை. அம்மாவுக்கு மகளின் பெயரைப் போடத்தான் விருப்பம். ஆனாலும் காரியம் முடியட்டும் என்று ‘சரி, அத்தான்’ என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். கையெழுத்து வந்துவிடும். ஆனால் பின்னுரித்தாளர் நியமனத்தைப் பெர்மிட்காரர் தன் வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த வாக்குறுதிக்குச் சட்டத்தில் பலமில்லை. அது தெரியாமல் மூத்தவர் கையெழுத்திட்டால், தெரிய வரும் நாளில் ‘ஏமாற்றி வாங்கினார்கள்’ என்று எழுதுவார், கோப்பு மீண்டும் திறக்கும். இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படியே சட்டத்தரணி இதைச் சொன்னார். இன்னொன்றையும் சொன்னார்: வாங்கியவர் கொடுத்த பத்து இலட்சம் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், அவர் மோசடி முறைப்பாடு போட வழியிருக்கிறது.

மூத்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு, அவர் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி தங்கச்சியின் முகவரிக்கு வந்தது. நிபந்தனை எதுவும் அதில் இல்லை. பெர்மிட்டின் மூலப் பிரதியும் கூட இருந்தது, 2003இல் மடித்த மடிப்பு அப்படியே.

முடிவும் மிச்சமும்

பழைய பெர்மிட்டை இரத்துச் செய்து, தற்போது காணியில் இருந்து அபிவிருத்தி செய்கிறவர் என்ற அடிப்படையில் அம்மாவின் பேரில் புதிய பெர்மிட் வழங்கலாம் என்று பிரதேச செயலாளர் சிபாரிசு செய்தார். மாகாணக் காணி ஆணையாளரின் அங்கீகாரம் வர ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. பெர்மிட் இப்போது அவர் கையில். பெர்மிட்டுக்கு அடுத்த கட்டமான அளிப்புப் பத்திரம் வர வேண்டுமானால் நில அளவைத் திணைக்களம் வந்து அளக்க வேண்டும். அதற்கு வரிசை நீளம்.

2024இல் ‘உறுமய’ என்று முழு உறுதி கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஊரில் பலர் பெர்மிட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செத்த தாத்தாவின் பேரில் பெர்மிட் வைத்திருந்தவர்களுக்கு முதலில் பின்னுரித்தைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். அவர்களில் சிலர் இப்போது எங்கள் வாங்கில் இருக்கிறார்கள். பெர்மிட்டே இல்லாதவர்கள் நிலை இதைவிடக் கஷ்டம். எழுபதுகளின் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் பக்கங்களில் குடியேறிய குடும்பங்களில் இரண்டு தலைமுறை கடதாசி இல்லாமலே கழிந்த வீடுகள் உண்டு. அவர்களுக்கு லெட்ஜரில் தேட ஒரு பக்கமும் இல்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வாங்கியவருக்கு மூத்தவர் இதுவரை பாதிக் காசு திருப்பி அனுப்பியிருக்கிறார். மீதிக்காக வாங்கியவர் மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறார். எழுத்து ஒப்பந்தத்தில் வழக்குப் போட ஆறு வருட எல்லை இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கும் சொன்னோம். அவர் எங்கள் எதிர்ப்பக்கம்தான். ஆனால் தரகருக்குக் கொடுத்த கமிஷன் அவருக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

பின்னுரித்தாளர் படிவத்தில் அம்மா மகளின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மகனுக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். கொழும்பிலிருந்து வந்து தானே படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டதற்கான அத்தாட்சி வந்த பிறகுதான் எங்கள் கோப்பை மூடுவோம்.